கழுவிய கவசமும் கைகழுவிய கடமையும்

ஒருமுறை அணிந்து எறிவதற்கென்று செய்யப்பட்ட முகக்கவசத்தைக் கழுவி மீண்டும் அணியலாமா? கேட்பதற்கு இது மிகச் சிறிய கேள்வி. ஆனால் கேட்போர் யாவர் என்று நோக்கினால் இதன் பருமன் விளங்கும். பெட்டி பெட்டியாக வாங்கி வைத்து நாளொன்றுக்கு இரண்டை எறியக்கூடியவர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. அவருக்கு இது கேள்வியே அன்று. நாட்கூலியை எண்ணி அரிசியும் மாவும் வாங்குகின்றவர்கள்தாம் இதைக் கேட்டார்கள். அவர்கள் வாயால்கூடக் கேட்கவில்லை, கையால் கேட்டார்கள். அணிந்ததைச் சவர்க்காரமிட்டுக் கழுவினார்கள், கொடியில் உலர்த்தினார்கள், மறுநாள் மீண்டும் அணிந்தார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கூற வேண்டியவர்கள் கூறவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

கண்டி நகருக்கு அருகே ஹந்தானை மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில், 1952 முதல், பேராதனைப் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. சரிவில், 1925 இல் எழுப்பப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக நிற்கிறது. அவற்றைச் சூழ்ந்து தேயிலை நிரைகளும், அந்நிரைகளில் உழைப்போர் குடியிருக்கும் லயங்களும் உள்ளன. அறிவும் பழம்பொருளும் உழைப்பும் ஒரே மலையில் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்த இடங்கள் இலங்கையில் அதிகமில்லை. நூதனசாலையில் உருளை இயந்திரங்களையும் சலிப்பு இயந்திரங்களையும் துடைத்துப் பேணி வைத்திருக்கிறார்கள். அவ்வியந்திரங்களுக்கு இரை தந்த மனிதரின் வாழ்வைக் காண விரும்புவோர் சீட்டு வாங்க வேண்டியதில்லை; லயங்களை எட்டிப் பார்த்தால் போதும்.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் மலைநாட்டு லயங்களின் கொடிகளில் சட்டைக்கும் பாவாடைக்கும் இடையே நீல நிற முகக்கவசங்கள் காய்ந்ததைக் காணாதவர் இலர். கண்டு நகைத்தவர்களும் உண்டு. "படிப்பில்லாத சனங்கள்; சொன்னாலும் விளங்காது" என்று தலையசைத்துச் சென்ற கனவான்களும் உண்டு. அந்த நகைப்பை நாம் இன்று விசாரணைக்கு உட்படுத்த விரும்புகிறோம். பெருந்தொற்று தணிந்துவிட்டதே, இப்போது எதற்கு இது என்று கேட்கலாம். தீ அணைந்த பின்புதான் கூரை எதனால் எரிந்தது என்று ஆராய முடியும். அடுத்த தீ வருமுன் ஆராய்ந்தாக வேண்டும்.

முதலில் நடந்தவற்றை நினைவுகூர்வோம். 2020 மார்ச் 20 ஆந் திகதி நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அலுவலகங்கள் மூடின, பாடசாலைகள் மூடின, பல்கலைக்கழக விடுதிகள் வெறிச்சோடின. கொழுந்து மட்டும் நிற்கவில்லை. அந்நியச் செலாவணி தேடித்தரும் பயிர் என்ற காரணத்தால் தோட்டங்கள் இயங்க இடமளிக்கப்பட்டது. நாடு வீட்டுக்குள் அடங்கியிருந்தபோது தோட்டத் தொழிலாளர் காலையில் பிரட்டுக்கு நின்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலிருந்து நோய் பரவியது. அதே மாதம் 15 ஆந் திகதி சுகாதார அமைச்சு புதிய ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. பொதுவிடங்களில் முகக்கவசம் கட்டாயம். மீறுவோருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதை நாம் எதிர்க்கவில்லை. மூச்சின் வழியே பரவும் நோய்க்கு மூச்சை மறைத்தலே தடுப்பு என்பது விஞ்ஞானம். அதை மறுப்போரின் கூட்டத்தில் நமக்கு இடமில்லை. ஆனால் அவ்வொழுங்குவிதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் அது. அக்காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி இம்மலைகளுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்தி, மருத்துவச் சோதனை நடத்தி, காத்திருக்க வைத்துக் கப்பலேற்றினார்கள். நோய்த்தடுப்பு என்றால் உழைப்பாளியின் உடல்மீது ஆணை செலுத்துதல் என்று பொருள்பட்ட காலம் அது. அவ்வுடலுக்கு வேண்டியதை வழங்குதல் என்ற பொருள் அக்காலத்தில் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அப்பொருள் சேர்க்கப்படவில்லை. சட்டம் "அணி" என்றது. "இதோ" என்று நீட்டவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2020 ஜனவரி இறுதியில் அரசாங்கம் ஒருமுறை பாவிக்கும் முகக்கவசத்துக்கு 15 ரூபாய் என உச்ச விலை விதித்தது. அது சட்டத்தின் விலை. கடையின் விலை எவ்வாறிருந்தது என்பதை அந்நாட்களில் கடைக்குச் சென்றோர் அறிவர். நாம் சட்டத்தின் விலையையே கொள்வோம். ஒரு குடும்பத்தில் தொழிலாளர் இருவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், முதியவர் ஒருவர் என வைத்துக்கொண்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 75 ரூபாய் ஆகும். 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். ஆகவே ஒருவரின் நாட்கூலியில் பத்திலொரு பங்குக்கு மேல் முகக்கவசத்துக்கே போய்விடும். பல ஆண்டுகளாகக் கோரப்பட்ட 1,000 ரூபாய் சம்பளம் வர்த்தமானியில் ஏறியதோ 2021 மார்ச் மாதத்தில்தான். அபராதத்தையும் இதே அளவுகோலால் அளந்து பாருங்கள். 10,000 ரூபாய் என்பது பதினான்கு நாள் அடிப்படைச் சம்பளத்தையும் விஞ்சும் தொகை. வாங்கினால் வயிறு சுருங்கும். வாங்காவிட்டால் வழக்கு வரும். இந்த இரண்டுக்கும் நடுவே உழைக்கும் பெண் கண்டுபிடித்த மூன்றாவது வழிதான் கழுவிக் கொடியில் போடுதல். அதை அறியாமை என்போர் கணக்கு அறியாதவர்கள்.

ஆனால் அனுதாபம் விஞ்ஞானமாகிவிடாது. அவள் செய்தது பலன் தருமா என்பதே கேள்வி. எனவே அந்த நீலக் கவசத்தைப் பிரித்துப் பார்ப்போம். அது மூன்று படைகளால் ஆனது. பார்வைக்குத் துணிபோலத் தோன்றினும் அது நெய்த துணியன்று. பொலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக்கிப் படியவைத்த விரிப்பு. வெளிப்படையும் உட்படையும் சற்றுத் தடித்த இழைகளால் ஆனவை. நடுப்படையின் இழைகளோ தலைமயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லியவை. அந்நடுப்படைக்கு மின்னேற்றம் ஊட்டியிருப்பார்கள். உலர்ந்த தலைமயிரில் சீப்பைத் தேய்த்துக் கடதாசித் துண்டுகளின் அருகே கொண்டுசென்றால் அவை தாவி ஒட்டிக்கொள்வதை எந்தப் பள்ளி மாணவனும் அறிவான். அதே விசைதான் இங்கும் வேலை செய்கிறது. இழைகளின் இடைவெளியைவிட நுண்ணிய துகள்களையும் அவ்விசை இழுத்துப் பிடித்துவிடுகிறது. கவசத்தின் திறமையில் ஒரு பகுதி சல்லடையின் திறமை. மறுபகுதி மின்னேற்றத்தின் திறமை.

கழுவும்போது நேர்வது இப்போது எளிதில் விளங்கும். வெறும் நீர் அவ்விழைகளில் இலகுவில் ஒட்டாது. சவர்க்காரம் நீரின் இறுக்கத்தைத் தளர்த்தி இழையை நனையச் செய்கிறது, மின்னேற்றம் கரைகிறது. சாராயக் கலவையான கிருமிநீக்கித் திரவங்களும் அதையே செய்கின்றன. சல்லடை எஞ்சுகிறது, இழுவிசை குறைகிறது. பலமுறை கழுவினால் காதில் மாட்டும் நாடா தளர்ந்து, கவசம் முகத்தை விட்டு விலகி, விளிம்பின் வழியே காற்று புகும். ஆகவே "கழுவினால் புதியது போலாகும்" என்று கூறுவோர் தவறு கூறுகின்றனர். மருத்துவக் கவசம் ஒருமுறை பாவிப்புக்கே உரியது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியதற்கும் இங்கு அடிப்படை இருக்கிறது.

ஆயினும் "கழுவினால் பயனற்றதாகும்" என்று கூறுவோரும் தவறே கூறுகின்றனர். 2020 நவம்பரில் பிரான்சின் நுகர்வோர் சங்கமொன்று சத்திரசிகிச்சைக் கவசங்களை 60 பாகை வெந்நீரில் பத்துமுறை கழுவிச் சோதித்தது. அதன் பின்னும் அவை 3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் தடுத்தன. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று வங்காள தேசத்திலிருந்து கிடைத்தது. அங்கே 2020 நவம்பர் முதல் 600 கிராமங்களில், 3 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடையே பேராய்வொன்று நடத்தப்பட்டது. அதில் பயன்படுத்திய சத்திரசிகிச்சைக் கவசம் புதிதாயிருந்தபோது நூற்றுக்கு 95 துகள்களைத் தடுத்தது. சாதாரணக் கட்டிச் சவர்க்காரத்தாலும் நீராலும் பத்துமுறை கழுவிய பின் 76 ஐத் தடுத்தது. அதே ஆய்வில் வழங்கப்பட்ட துணிக்கவசமோ 37 ஐ மட்டுமே தடுத்தது. கட்டிச் சவர்க்காரமும் தண்ணீரும்! லயத்துப் பெண்ணின் கையில் இருந்தவையும் அவைதாமே! அவளைப் பார்த்து நகைத்தவர்கள் இந்த எண்களின் முன் சற்று நிற்கட்டும்.

ஆக, கேள்விக்கு விடையை நாம் மறைவின்றிக் கூறுவோம். நோயாளியைப் பராமரிப்பவருக்கும் வைத்தியசாலையில் பணியாற்றுபவருக்கும் கழுவிய கவசம் ஏற்றதன்று. அவர்களுக்குப் புதியது வேண்டும். பஸ்ஸிலும் கடையிலும் பிரட்டிலும் நிற்கும் பொதுமக்களுக்கு, வேறு வழியில்லாதபோது, கழுவி நன்கு உலர்த்திய கவசம் ஒன்றுமில்லாமையிலும் மேலானது. இளக்கமான துணித்துண்டிலும் மேலானது. ஒவ்வொரு கழுவலிலும் அதன் திறமை குறையும். கிழிந்தால், தளர்ந்தால், உருக்குலைந்தால் எறிந்துவிட வேண்டும். இவ்வளவுதான் விடை. ஐந்து வரியில் அடங்கிவிடும் இந்த விடையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு லயத்துச் சுவரில் ஒட்டியிருக்கலாம். நாம் கண்ட சுவரொட்டிகளில் "அணிக", "எறிக" என்ற இரண்டு ஏவல்களே இருந்தன. எறிந்த பின் என்ன செய்வது என்பதற்கு அவற்றில் இடமிருக்கவில்லை.

இதே காலத்தில் செல்வந்த நாடுகளில் நிகழ்ந்தது யாது? 2020 மார்ச் மாதத்தில் அமெரிக்க வைத்தியசாலைகளில் உயர்தரக் கவசங்களுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. ஒருமுறைப் பாவிப்புக்கென்றே செய்யப்பட்ட அக்கவசங்களை ஹைதரசன் பரவொட்சைட்டு ஆவியால் கிருமிநீக்கி இருபது முறை வரை மீண்டும் பாவிக்க, அவ்வாண்டு மார்ச் 29 ஆந் திகதி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் அவசர அனுமதி வழங்கியது. இத்தகைய கவசங்களுக்கு மின்னேற்றம் ஊட்டும் முறையை உருவாக்கிய பீற்றர் சாய் என்னும் விஞ்ஞானி ஓய்விலிருந்து திரும்பி, கவசத்தைக் கெடுக்காமல் மீண்டும் பாவிப்பது எவ்வாறு என்பதை ஆராய்ந்தார். அதை நாம் குறை கூறவில்லை, போற்றுகிறோம். ஆனால் வேற்றுமையைக் கவனியுங்கள். செல்வந்த நாட்டில் பற்றாக்குறை வந்தபோது மறுபாவிப்பு விஞ்ஞானப் பிரச்சினையாயிற்று. ஆய்வுகூடங்கள் திறந்தன, அனுமதிகள் பறந்தன. ஏழையின் வீட்டில் என்றும் இருக்கும் பற்றாக்குறை ஒழுக்கப் பிரச்சினையாயிற்று. அங்கே அது கண்டுபிடிப்பு. இங்கே அது அசுத்தம். செயல் ஒன்றுதான். செய்தவரின் வர்க்கம் மாறியதும் செயலின் பெயரும் மாறிவிட்டது.

இன்னுமொரு கேள்வியும் உண்டு. கழுவ முடியாத கவசம் எவ்வாறு உலக வழக்காயிற்று? அது இயற்கையின் நியதியன்று. 1910-11 இல் மஞ்சூரியாவில் நுரையீரற் பிளேக் ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கவர்ந்தபோது, பினாங்கிற் பிறந்த வூ லியன்-தே என்னும் மருத்துவர் பரவலாக்கிய கவசம் பஞ்சும் மெல்லிய வலைத்துணியும் சேர்ந்தது. எவரும் எளிதில் செய்துகொள்ளத் தக்கது. அதன் பின் பல பத்தாண்டுகள் சத்திரசிகிச்சைக் கூடங்களில் பருத்திக் கவசமே ஆட்சி செய்தது. அதைக் கழுவினார்கள், நீராவியில் அவித்தார்கள், மீண்டும் அணிந்தார்கள். 1960 களில் செயற்கை இழைக் கவசங்கள் சந்தையை நிரப்பத் தொடங்கின. மருத்துவக் கவசத்தின் வரலாற்றை எழுதிய ஸ்ட்ராசர், ஷ்லிக் என்னும் வரலாற்றாசிரியர்கள் காட்டுவதுபோல, எறியத்தக்க பண்டங்கள் சலவை வேலைக்கான கூலியை மிச்சப்படுத்தும் என்பது உற்பத்தியாளர் முன்வைத்த வாதங்களுள் ஒன்று. 1975 இல்கூட, நன்கு தைக்கப்பட்ட நான்கு மடிப்புப் பருத்திக் கவசம் அந்நாளைய எறியும் கவசங்களை விஞ்சியதாக ஆய்வொன்று கண்டது. ஆயினும் பருத்திக் கவசத்தை மேம்படுத்தும் ஆராய்ச்சி தேய்ந்தது. காரணம் எளியது. ஒருமுறை விற்றுப் பலமுறை கழுவப்படும் பண்டத்தில் முதலாளிக்கு ஒருமுறைதான் இலாபம். ஒருமுறை அணிந்து எறியப்படும் பண்டத்தில் நாள்தோறும் இலாபம். வங்காள தேசத்தில் துணிக்கவசம் பின்தங்கியது என்றால், அரை நூற்றாண்டாக அதற்கு ஆராய்ச்சியின் பால் ஊட்டப்படவில்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

நமக்கெதிராகக் கூறப்படும் வாதங்களையும் எதிர்கொள்வோம். "பேரிடர் வேளையில் அரசாங்கம் எல்லோருக்கும் கவசம் கொடுக்க முடியுமா?" என்பது முதலாவது. முடியும் என்பதற்கு அயலிலேயே உதாரணம் உண்டு. 2020 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு குடும்ப அட்டைகளிலுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு வீதம், கழுவிப் பாவிக்கத்தக்க துணிக்கவசங்களை நியாயவிலைக் கடைகள் வழியே இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த அரசு தொழிலாளர் அரசன்று. அத்திட்டத்தின் நிறைகுறைகளை ஆராய இஃது இடமுமன்று. கட்டாயமாக்கப்படும் பண்டத்தைக் கையிற் கொடுப்பது கனவன்று என்பதற்கு அதுவே போதிய சான்று. நமது நாடோ ஆடைத் தைப்பில் உலகறிந்த நாடு. அதே 2020 இல் நமது ஆடைத் தொழிற்சாலைகள் முகக்கவசங்களையும் காப்புடைகளையும் தைத்து ஏற்றுமதி செய்தன. உலகின் முகத்துக்குத் தைத்துக்கொடுத்த நாட்டில் கொழுந்து பறிப்பவளின் முகத்துக்குக் கவசமில்லை என்றால், குறைவு நூலிலோ ஊசியிலோ இருக்கவில்லை.

"கொடுத்தாலும் இவர்கள் அணியமாட்டார்கள்" என்பது இரண்டாவது வாதம். வங்காள தேசத்து ஆய்வு இதற்கும் விடை தருகிறது. அங்கே கவசத்தை இலவசமாகக் கொடுத்து, வீடு வீடாக விளக்கி, ஊர்ப் பெரியோர் அணிந்து காட்டி, பொதுவிடங்களில் நினைவூட்டியபோது, முறையாக அணிவோர் தொகை நூற்றுக்கு 13 இலிருந்து 42 ஆக உயர்ந்தது. சத்திரசிகிச்சைக் கவசம் வழங்கிய கிராமங்களில் நோய் குறைந்தது. அதிலும் அறுபது வயதைக் கடந்தோரிடையே கூடுதலாகக் குறைந்தது. அபராதச் சீட்டும் பொலிஸ் தடியும் இல்லாமலே இது நிகழ்ந்தது. மக்களிடம் கவசத்தையும் காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் ஏற்பார்கள். கட்டளையை மட்டும் கொடுத்தால் கட்டளை பார்க்கும்போது மட்டும் அணிவார்கள்.

மூன்றாவது வாதம் நமது தோழர்கள் சிலரிடமிருந்தே வருவது. "சம்பளமும் காணியும் வீடும் பெரிய பிரச்சினைகளாக இருக்க, ஒரு நீலத் துணியைப் பற்றி இவ்வளவு பேச்சா?" என்கிறார்கள். பெரிய பிரச்சினை எங்கோ வானத்தில் தனியே மிதப்பதில்லை, தோழர்களே. அது சிறிய பண்டங்களில்தான் வந்து தங்குகிறது. அந்த நீலக் கவசத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அதற்குள் சம்பளம் இருக்கிறது. 75 ரூபாய்க் கணக்கு அதுதான். வீடு இருக்கிறது, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் கழுவியதை எங்கே உலர்த்துவது, ஹந்தானையின் மழைக்காலத்தில் எப்படி உலர்த்துவது என்ற கேள்வி அதுதான். பீலித் தண்ணீர் இருக்கிறது. சவர்க்காரத்தின் விலை இருக்கிறது. சட்டம் இருக்கிறது, சட்டத்தை எழுதுவோர் யாவர், அதற்கு அஞ்சுவோர் யாவர் என்ற பிரிவும் இருக்கிறது.

இக்கேள்வி பெருந்தொற்றோடு பிறந்து அதனோடு மறைந்ததும் அன்று. ஹந்தானை நூதனசாலையில் சலிப்பு இயந்திரங்களைக் காண்போர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய இயந்திரங்கள் ஓடும் தொழிற்சாலைகளில் தேயிலைத் தூசி காற்றை நிரப்பும். சி. ஜி. ஊரகொட என்னும் இலங்கை மருத்துவர் 1970 இலேயே தேயிலைத் தயாரிப்போருக்கு வரும் ஈளைநோயைப் பற்றி ஆங்கில மருத்துவ ஏடொன்றில் எழுதினார். 1980 இலும் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களை ஆராய்ந்து எழுதினார். உழைப்பாளியின் மூச்சைப் பற்றிய அறிவு நம்மிடம் அரை நூற்றாண்டாக இருக்கிறது. இருந்தும் சலிப்பறையில் நிற்பவருக்கு முறையான தூசிக் கவசமும், களைநாசினி தெளிப்பவருக்கு இரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள கவசமும் உரிமையாகக் கிடைக்கின்றனவா என்று ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். நீலக் கவசம் தெளிமருந்தின் ஆவியைத் தடுக்காது. புதியதாயினும் தடுக்காது, கழுவியதாயினும் தடுக்காது. அதைக் கொடுத்துவிட்டுக் காப்புக் கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது ஏமாற்று.

எறிதலின் மறுபுறத்தையும் காண்போம். பொலிபுரோப்பிலீன் மண்ணில் எளிதில் மக்காது. சிதைந்து சிதைந்து நுண்துணுக்காகும். கண்டி நகரின் குப்பை பல காலமாகக் கொட்டப்படும் கோஹாகொடை, மகாவலி கங்கையின் கரையோரத்தில் இருக்கிறது. மேட்டில் எறிந்தது பள்ளத்தில் சேரும்; பள்ளத்தில் சேர்ந்தது ஆற்றில் கலக்கும்; ஆறு வயலுக்கும் குளத்துக்கும் கொண்டுசெல்லும். "எறிக" என்று எழுதியவர்கள் எங்கே எறிவது என்று எழுதவில்லை. ஒரு பண்டத்தை நாளுக்கொன்றாக எறியக்கூடியவர் எறிந்தார். அதன் சுமையை ஆற்றின் கீழ்க்கரையிலிருப்போர் தாங்குகின்றனர். கழுவி மீண்டும் அணிந்தவளோ, தான் அறிந்தோ அறியாமலோ, அந்தச் சுமையைக் குறைத்தாள்.

ஆகவே நாம் கோருவன இவை. எது சட்டத்தால் கட்டாயமாக்கப்படுகிறதோ அது உழைப்பாளிக்கு இலவசமாக வழங்கப்படல் வேண்டும். வேலைத்தலத்தில் நிருவாகம் வழங்க வேண்டும், ஊரில் அரசு வழங்க வேண்டும். பலமுறை கழுவத்தக்க, பல படைகளுள்ள, சோதித்து உறுதிசெய்த கவசம் பொதுமக்களுக்காக இந்நாட்டிலேயே செய்யப்படல் வேண்டும். விற்கப்படும் ஒவ்வொரு கவசத்தின் உறையிலும் அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது, கழுவலாமா, எத்தனை முறை கழுவலாம் என்பன தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்படல் வேண்டும். சலிப்பறைக்கும் தெளிப்பு வேலைக்கும் அவ்வவ்வேலைக்கு உரிய கவசமே கொடுபட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக லயங்களுக்குத் தட்டில்லாத தண்ணீர் வேண்டும். கழுவு என்று சொல்வதற்கும் கழுவாதே என்று சொல்வதற்கும் தண்ணீர் கொடுத்தவனுக்கே வாயுண்டு.

நமது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். 2021 இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கிருமியெதிர்ப்பு முகக்கவசமொன்றை உருவாக்கியமை நாம் பெருமைப்பட வேண்டிய செயல். அந்தத் திறமை மலையடிவாரத்தில் இருக்கிறது. அந்தத் திறமைக்கு உரிய கேள்விகள் மலைச்சரிவில், கொடிகளில், காய்ந்துகொண்டிருந்தன. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் நடந்துபோகக் கூடிய தூரம். லயத்துக் கவசம் பத்துமுறை கழுவிய பின் எவ்வளவு தடுக்கிறது, இருபது முறை கழுவிய பின் எவ்வளவு தடுக்கிறது, நமது சவர்க்காரத்தில் எப்படி, நமது ஈரக்காற்றில் எப்படி என்று சோதித்து, முடிவை உழைப்பாளியின் மொழியில் எழுதிக்கொடுப்பது எந்தச் சர்வதேச ஏட்டுக் கட்டுரைக்கும் இளைத்ததன்று. பாடசாலை ஆசிரியர் நிலைமின்னியலைக் கற்பிக்கும்போது சீப்போடு நிறுத்த வேண்டாம். முகக்கவசத்தின் நடுப்படையைப் பிரித்துக் காட்டுங்கள். அது ஏன் கழுவினால் தளர்கிறது என்று கேளுங்கள். பின்பு அதை ஏன் கழுவ நேர்ந்தது என்றும் கேளுங்கள். முதற்கேள்வி பௌதிகம்; இரண்டாவது சமூகவியல். இரண்டையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்த மாணவனையே இந்நாடு எதிர்பார்த்திருக்கிறது.

அடுத்த தொற்று எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வரும்போது சட்டம் முதலில் வரும். அபராதம் அதன்பின் வரும். நகைப்பும் தவறாமல் வரும். அவற்றுக்கு முன்னே தண்ணீரும் சவர்க்காரமும் நல்ல கவசமும் உண்மையான விடையும் லயத்து வாசலுக்கு வந்து சேர வேண்டும். அவை தாமாக வாரா. கேட்டு, திரண்டு, வற்புறுத்திக் கொண்டுவர வேண்டும். கொழுந்து பறிக்கும் கைகள் கவசத்தைக் கழுவித் தம் பங்கைச் செய்தன. இனித் தம் பங்கைச் செய்ய வேண்டியவர்கள், கடமையைக் கைகழுவியவர்கள்தாம்.